இசைத் தொழிலாளியின் சோர்வும் நம்பிக்கையும்

(அத்திபெலேயில் தொழிலாளர் இசைக்குழுக்களைச் சேர்ந்த கலைஞர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓசூரைக் கடந்து மாநில எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தில் முதலில் வரும் ஊர் அத்திபெலே. பெங்களூரு நகர்ப்புற மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. தேசிய நெடுஞ்சாலை 44 இதன் வழியே செல்கிறது. இங்கும், அருகிலுள்ள பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. வட கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும், இன்னும் தொலைவில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. ஒரே வரிசை வீடுகளில் நான்கு மொழிகள் ஒலிக்கின்றன.

இத்தகைய ஊரில் இசைக்கலைஞர் என்று யாரைக் குறிப்பிடுவது? சபாக்களில் பாடுவோரை அல்ல. வாரத்தில் ஆறு நாள் ஒப்பந்தத் தொழிலாளியாக இயந்திரத்தின் முன் நின்று, ஏழாம் நாள் தமட்டே அடிக்கச் செல்பவர். திருமண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக் குழுவோடு டிரம்பெட் ஊதுபவர். கோயில் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் வாசிக்கும் குடும்பத்தார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர். ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரத்தை ஓட்டிவிட்டு மாலையில் பாட்டுக் குழுவில் குரல் கொடுக்கும் பெண் தொழிலாளி. இவர்களே இந்த மண்ணின் இசைக்கலைஞர்கள். இவர்கள் பலரிடமும் ஒரே கேள்வி எழுகிறது: இதை ஏன் தொடர வேண்டும்? வருமானம் நிலையற்றது, மரியாதை குறைவு, வீட்டில் முணுமுணுப்பு, உடலில் அசதி. வாத்தியத்தைப் பரணில் ஏற்றிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்விக்கு இன்றைய சந்தை ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருக்கிறது. ‘உன்னை நம்பு, உள்ளத்தில் நெருப்பை வளர்த்துக்கொள், விடாமல் உழை, ஒருநாள் உலகம் உன்னைக் கண்டுகொள்ளும்’ என்பதே அந்த விடை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதை மேடைதோறும் விற்கிறார்கள். உலகம் கண்டுகொள்ளாத நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர், குற்றம் தம்முடையதே என்று நினைத்துக் குன்றிப்போகிறார்கள் என்பது மட்டும் அந்த மேடைகளில் சொல்லப்படுவதில்லை. கலைஞரின் சோர்வுக்குப் பெரும்பாலும் முகவரி உண்டு. கூலி, வேலை நேரம், சாதி, இயந்திரம் ஆகியவை அதில் இடம்பெறும். அவற்றைப் பெயர் சொல்லி அழைக்காமல் மனத்துக்கு மட்டும் மருந்து தேடினால் நோய் தீராது. அதே சமயம், கூலி உயர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. நல்ல ஊதியம் பெற்றுக்கொண்டே வறண்டுபோன கலைஞர்கள் எத்தனையோ பேர்.

எம்.பி.ஸ்ரீனிவாசன் காட்டிய வழி

இந்த இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த ஒரு தமிழ் இசையமைப்பாளரை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். மானாமதுரை பாலகிருஷ்ணன் ஸ்ரீனிவாசன், சுருக்கமாக எம்.பி.எஸ். 1925 செப்டம்பர் 19-இல் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தவர். ஜாலியன்வாலா பாக் வரலாற்றோடு பிணைந்த சைபுதீன் கிச்சலுவின் மகளை மணந்தவர்.

1960-இல் ‘பாதை தெரியுது பார்’ என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. முற்போக்கு எண்ணம் கொண்ட பலர் ஒன்றுசேர்ந்து முதலீடு திரட்டி எடுத்த படம். வங்கத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் இயக்கினார். எம்.பி.எஸ். இசையமைத்தார். ஜெயகாந்தனும் கே.சி.எஸ்.அருணாசலமும் பாடல் எழுதினர். பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. படமோ திரையரங்குகளில் நிலைக்கவில்லை. விநியோகத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட முயற்சிகள் உவப்பானவையாக இல்லை. அதன்பின் தமிழ்த் திரையுலகில் எம்.பி.எஸ்.ஸுக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகக் குறைவு. மலையாளத் திரையுலகம் அவரை ஏற்றுக்கொண்டது. 1961-இல் ‘கால்பாடுகள்’ என்ற படத்துக்காக அவர் இசையில்தான் கே.ஜே.யேசுதாஸ் தம் முதல் திரைப்பாடலைப் பாடினார். தாய்மொழியில் கதவு மூடப்பட்ட ஒரு கலைஞர், பக்கத்து மொழியில் இன்னொரு கலைஞருக்குக் கதவு திறந்துவிட்டார்.

திறமைமிக்க ஒருவர் தம்மைத் தம் துறை ஒதுக்கிவைத்ததை எப்படித் தாங்கினார்? அவர் செய்த இரண்டு பணிகளில் இதற்கான விடை இருக்கிறது.

முதலாவது, சங்கம். சென்னைத் திரையுலகில் வயலின், தபேலா, புல்லாங்குழல், கிட்டார் வாசித்த வாத்தியக் கலைஞர்கள் அன்று தொழிலாளர்களாகவே கருதப்படவில்லை. பதிவு எத்தனை மணி நேரம் நீளும், பணம் எப்போது கைக்கு வரும், எவ்வளவு வரும் என்பதெல்லாம் தயாரிப்பாளரின் மனநிலையைப் பொறுத்திருந்தது. பாட்டின் பெருமை இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும். திரைக்குப் பின்னால் வாசித்த நாற்பது பேருக்குப் பெயர்கூட இல்லை. இந்தக் கலைஞர்களுக்கு ஒரு தொழிற்சங்கத்தை உருவாக்குவதில் எம்.பி.எஸ். முன்னின்றார். நிமாய் கோஷ் போன்ற தோழர்களோடு சேர்ந்து, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களின் சம்மேளனம் உருவாவதிலும் பங்காற்றினார். குறித்த நேரம், குறித்த ஊதியம் என்ற கோரிக்கை எளிமையாகத் தோன்றலாம். ஆனால், மாலை ஆறு மணிக்குக் கையில் கூலியோடு வீடு திரும்பும் வயலின் கலைஞர், ஏழு மணிக்குத் தமக்காக வயலினை எடுக்கக்கூடிய நிலையில் இருப்பார். சங்கம் வயிற்றுக்கு மட்டும் அன்று, கலைக்கும் தேவை என்பதன் பொருள் இதுதான்.

இரண்டாவது, சேர்ந்திசை. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அவர் அமைத்தார். இந்திய இசை மரபு தனிக்குரலின் மரபு. ஒருவர் பாடுவார், மற்றவர் கேட்பர். பலர் சேர்ந்து பாடினாலும் எல்லோரும் ஒரே சுரத்தைத்தான் பாடுவர். எம்.பி.எஸ். நமது இராகங்களின் இயல்பு கெடாமல், ஒரே பாடலில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல குரல் வரிசைகளை அடுக்கினார். பாரதியின் பாடல்கள் அவர் கையில் ஐம்பது தொண்டைகளின் பாடல்களாயின. பாடியவர்கள் யார்? மாணவர்கள், வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், அலுவலகப் பெண்கள். முறையாக இசை பயின்றவர்கள் சிலரே. கேரளத்திலும் இளைஞர்களையும் மாணவர்களையும் திரட்டி இதே பணியைச் செய்தார்.

சேர்ந்திசைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் எவரும் தனியே ஒளிவிட முடியாது; எவரும் முற்றிலும் தோற்கவும் முடியாது. ஒரு நாள் ஒருவரின் குரல் கட்டிக்கொண்டால் பக்கத்திலிருப்பவர் தாங்கிக்கொள்வார். தம் வரிசையைப் பிழையின்றிப் பாடுவதற்கு அடுத்தவரின் வரிசையைக் காதுகொடுத்துக் கேட்டே ஆகவேண்டும். ‘எனக்கு எப்போது புகழ் வரும்’ என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. அந்தக் கேள்வி நீங்கும் இடத்தில் கலைஞரின் பாதிச் சோர்வும் நீங்கிவிடுகிறது. 1988 மார்ச் 9-இல் இலட்சத்தீவில், இசைப் பணிக்காகச் சென்றிருந்த இடத்திலேயே, எம்.பி.எஸ். மறைந்தார். அவருக்குப் பின்னும் அவர் தொடங்கிய சேர்ந்திசைக் குழு தொடர்ந்து பாடியது. தனிக்கலைஞரின் இசைக்கு இந்த வாய்ப்பு அரிது.

பதிவாகாத பாட்டு

எம்.பி.எஸ். வானொலியும் திரையும் அறிந்தவர். பெயரே பதிவாகாதவர்களின் நிலை என்ன என்று கேட்கலாம். பண்ணைப்புரம் பாவலர் வரதராசனைப் பற்றி இங்குள்ள மூத்த தோழர்கள் அறிவார்கள். இசையமைப்பாளர் இளையராஜாவின் அண்ணன் என்று இன்று அவரை அறிமுகப்படுத்துகிறார்கள். அன்று நிலைமை மாறியிருந்தது. பாவலரின் தம்பிகள் என்றே மற்றவர்கள் அறியப்பட்டார்கள். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளுக்காக ஊர் ஊராகச் சென்றவர் அவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. இ.எம்.எஸ். தலைமையிலான அமைச்சரவை பதவியிலிருந்த காலம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையே, அவர்களில் பெரும்பாலோர் பேசும் தமிழில், பாவலரின் பாட்டு ஒலித்தது. ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அந்தப் பிரசாரத்தில்தான் சிறுவனாக இருந்த இளையராஜா அண்ணனின் குழுவில் பாடத் தொடங்கினார்.

‘அன்னக்கிளி’ 1976-இல் வந்து தம்பியை நாடறிந்தவராக்கியபோது பாவலர் உயிரோடு இல்லை. அவர் பாடிய நூற்றுக்கணக்கான இரவுகளில் ஒலிநாடாவில் ஏறியவை மிகமிகக் குறைவு. இன்றைய அளவுகோலின்படி, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்று எண்ணும் அளவுகோலின்படி, அவர் ஒன்றுமே செய்யவில்லை. ஆனால் மூணாற்றுத் தோட்ட லயத்தில், நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண், இரவில் தன் மொழியில் தன் கூலியைப் பற்றி ஒருவர் பாடக் கேட்டாள். மறுநாள் அவள் வாக்குச் சாவடிக்கு நடந்தாள். இசைக்கு இதைவிடப் பெரிய விளைவு வேண்டுமா என்பதைக் கேட்பவர்களின் முடிவுக்கே விடலாம். கலைஞர்களை அவர்களுடைய கைபேசித் திரையில் தெரியும் எண்களைக் கொண்டே எடைபோடும் பழக்கம் கட்சிக்காரர்களிடமும் பரவிவருகிறது என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோலும் மானமும்

இனி, இங்கு கூடியிருப்போரில் பலரைத் தொடும் பொருளுக்கு வரலாம். தமிழில் பறை என்றும் கன்னடத்தில் தமட்டே என்றும் அழைக்கப்படும் இசைக்கருவி. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சியும் வலக்கையில் தடித்த குச்சியும் கொண்டு அடிப்பது. இதை வாசிக்கும் இளைஞரின் சோர்வு, கிட்டார் வாசிக்கும் இளைஞரின் சோர்வைப் போன்றதன்று. கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பவரை எவரும் சாதி கேட்பதில்லை.

பல கிராமங்களில் சாவுக்குப் பறையடிப்பது தொழிலாக இருக்கவில்லை; கட்டாயமாக இருந்தது. கூலி கேட்க உரிமையில்லை, மறுக்க உரிமையில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் எல்.இளையபெருமாள் போன்ற தலைவர்கள் சாவுக்குப் பறையடிக்க மறுக்கும் இயக்கத்தை நடத்தினார்கள். பறையைக் கீழே போடுவதே அன்று மானத்தின் வெளிப்பாடாக இருந்தது. பின்னர் வந்த தலைமுறை வேறொரு முடிவெடுத்தது. பறையை அல்ல, கட்டாயத்தையே கீழே போட வேண்டும் என்றது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்களுக்கே உரியது என்றிருந்த கருவி அது. கலை இரவு மேடைகளிலும் தொழிற்சங்க ஊர்வலங்களிலும் மாநாட்டுத் தொடக்கங்களிலும் பறை முதலில் ஒலிக்கத் தொடங்கியது. கர்நாடகத்திலும் தலித் இயக்கப் போராட்டங்களில் தமட்டே முன்வரிசைக்கு வந்தது.

அத்திபெலேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தமட்டே கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2025-இல் மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு அதே விருது. இருவரும் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள். எனினும் இதில் ஏமாந்துவிடலாகாது. விருது வந்த பிறகும் பல ஊர்களில் பறைக் கலைஞருக்குத் தேநீர் எந்தக் குவளையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். தட்டில் வைத்துக் கூலி கொடுக்கிறார்களா, மேலிருந்து போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும். தாழ்த்தப்பட்டோரைக் கட்டாய வேலைக்கு உட்படுத்துவதை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் மறுக்கும் உரிமையைத் தருகிறது. மறுக்க முடிந்த ஒருவர் விரும்பி வாசிக்கும்போதுதான் அது கலையாகிறது. எனவே, சாவு வீட்டுக்குச் செல்லலாமா கூடாதா என்று இளைஞர்களிடையே நடக்கும் வாக்குவாதத்துக்குக் கட்சி ஒரே விடையைத் திணிக்கத் தேவையில்லை. கூலியைப் பேசி, மரியாதையை உறுதிசெய்து, மறுக்கும் சுதந்திரத்தோடு செல்பவர் செல்லட்டும். அந்த மேளத்தின் அருகிலேயே போகமாட்டேன் என்பவரின் காயத்தையும் மதிக்க வேண்டும். அவர் சாதாரணமாகச் சோர்ந்தவரல்ல.

பெண்களுக்கு மேடை மறுக்கப்பட்ட வரலாறு இதனோடு சேர்ந்தது. நஞ்சன்கூட்டில் பிறந்து, தம் பெயரோடு இந்த நகரின் பெயரையும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தவர் பெங்களூரு நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தம் சொந்த வருவாயைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசரின் சமாதியில் கட்டடம் எழுப்பினார். அங்கே பாடும் உரிமை மட்டும் அவரைப் போன்ற பெண்களுக்கு இல்லை. அவர் மனம் நொந்து திரும்பிவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். இன்று திருவையாற்றில் பெண்கள் பாடுவதைக் கேட்பவர்கள் எத்தனை பேர் அந்தச் சண்டையை அறிவார்கள்?

இயந்திரம் வந்தபோது

1990களிலிருந்து சென்னைத் திரைப்படப் பதிவுக்கூடங்களில் கணினியும் சிந்தசைசரும் வந்து அமர்ந்தன. முன்பு முப்பது வயலின்கள் வாசித்ததை ஒருவர் விசைப்பலகையில் வாசித்துவிட முடிந்தது. வாழ்நாள் முழுதும் வில்லைத் தவிர வேறு கருவி அறியாத கலைஞர்கள் பலர் வேலையிழந்தார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு பாடலையே எழுதி, மெட்டமைத்து, பாடியும் தருகிறது. இங்கும் திருமண மண்டபங்களில் நாகசுரக் குழுவுக்குப் பதிலாக ஒலிப்பெட்டி வைத்துச் சமாளிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் தமிழர் வீட்டுத் திருமணங்கள் இல்லை, ஆஷாடத்தில் கன்னடர் வீட்டுத் திருமணங்கள் இல்லை. இருக்கும் சில மாதங்களையும் ஒலிப்பெட்டி தின்றுவிட்டால் கலைஞர் எதைக்கொண்டு வாழ்வார்?

இந்த அச்சம் புதியதன்று. 1942 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க இசைக்கலைஞர்களின் சம்மேளனம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், இசைத்தட்டுப் பதிவுகளையே புறக்கணித்தது. ஒருமுறை வாசித்ததை இசைத்தட்டில் ஏற்றி ஆயிரம் முறை ஓட்டி, நேரில் வாசிப்பவரின் வேலையைப் பறிக்கிறார்கள். அந்த லாபத்தில் பங்கு எங்கே என்று கேட்டார்கள். போர்க்காலம் என்பதால் பத்திரிகைகள் தூற்றின. அதிபர் ரூஸ்வெல்ட்டே நிறுத்தச் சொன்னார். ஈராண்டுகளுக்கு மேல் நின்றார்கள். 1944 நவம்பரில் பெரிய நிறுவனங்களும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சிறு தொகை சங்க நிதிக்கு வந்தது. அந்த நிதியிலிருந்து வேலையற்ற கலைஞர்களுக்கு ஊதியம் கொடுத்து, மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். இயந்திரத்தை உடைக்கவில்லை, இயந்திரத்தின் ஈட்டத்தில் கை வைத்தார்கள்.

இந்தியச் சட்டத்திலும் பிடிமானம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞரின் உரிமை சேர்க்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை வலுப்படுத்தியது. நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய, வணிக நோக்கில் பயன்படுத்தக் கலைஞரின் இசைவு வேண்டும். வணிகப் பயன்பாட்டில் அவருக்குப் பங்கு உண்டு. திரையிசைப் பாடகருக்கு மட்டும் உரியதன்று இது. சட்டத்தின் பார்வையில், தெருவில் தமட்டே அடிப்பவரும் நிகழ்த்துகலைஞரே. ஒரு குழுவின் ஆட்டத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிப் பணம் பார்ப்பவரிடம் இதை எத்தனை குழுக்கள் கேட்டிருக்கின்றன?

எல்லையில் நின்று பாடுவது

அத்திபெலே எல்லையூர். காவிரிச் சிக்கல் சூடேறும்போதெல்லாம் செய்திகளில் இவ்வூரின் பெயர் வரும். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் இங்கே நிறுத்தப்படும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் நடந்தவற்றை மறந்தவர் இல்லை. அந்த நாள்களில் முதலில் மௌனமாவது இசைதான். தமிழ்ப் பாட்டுப் பாடும் குழு கதவைச் சாத்திக்கொள்கிறது. ஓசூரில் வேலை பார்க்கும் கன்னடக் கலைஞரும் அதையே செய்கிறார்.

பால் ராப்சனின் வாழ்வில் ஓர் எல்லைக் கதை உண்டு. கறுப்பின மக்களுக்காகவும் அமைதிக்காகவும் பேசிய குற்றத்துக்காக 1950-இல் அவருடைய கடவுச்சீட்டை அமெரிக்க அரசு முடக்கியது. உள்நாட்டில் அரங்குகள் கதவடைத்தன. ஆண்டுக்கு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியவரின் வருமானம் சில ஆயிரமாக வீழ்ந்தது. 1952-இல் கனடாவின் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அழைத்தபோது எல்லையிலேயே தடுக்கப்பட்டார். அவ்வாண்டு மே 18-இல், எல்லைக்கோட்டை ஒட்டிய பூங்காவில், அமெரிக்கப் பக்கம் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாடினார். அப்பால் கனடாவிலிருந்து வந்த பல்லாயிரம் பேர் கேட்டார்கள். அடுத்த மூன்றாண்டுகளும் அங்கே வந்து பாடினார். 1957-இல் அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். கடவுச்சீட்டு மீண்டும் கைக்கு வந்தது 1958-இல். அந்த எட்டாண்டுகளில் அவர் சோர்ந்ததே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். அவர் உடலும் உள்ளமும் பெரும் விலை கொடுத்தன. ஆனால் யாருக்காகப் பாடுகிறோம் என்பதில் மட்டும் அவருக்கு ஐயம் எழவில்லை.

இந்த நகருக்கும் அத்தகைய மரபு உண்டு. பம்பாயில் 1943-இல் இந்திய மக்கள் நாடக மன்றம் அமைவதற்கு முன்பே, 1941-இல் பெங்களூரில் மக்கள் நாடகக் குழுவைத் தொடங்கியவர் அனில் டி சில்வா என்ற இலங்கைப் பெண். 1975-இல் இங்கே பிறந்த ‘சமுதாயா’ இயக்கம் கன்னட நாட்டின் கிராமங்களுக்குப் பாட்டையும் வீதி நாடகத்தையும் கொண்டுசென்றது. கன்னடப் பாட்டைத் தமிழ்த் தொழிலாளியும் தமிழ்ப் பாட்டைக் கன்னடத் தொழிலாளியும் கற்றுப் பாடும் குழு அத்திபெலேயில் இருக்குமானால், அடுத்த முறை பதற்றம் மூளும்போது அக்குழு தெருவில் நிற்பதற்கு ஆயிரம் துண்டறிக்கைகளின் வலிமை இருக்கும்.

2023 அக்டோபர் 7-ஐயும் இங்கே சொல்லாமல் விட முடியாது. இவ்வூரின் பட்டாசுக் கடையிலும் கிடங்கிலும் பற்றிய தீயில் முதல் நாளிலேயே 14 பேர் மாண்டார்கள். தீபாவளிப் பருவ வேலைக்காகத் தருமபுரி, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அவர்களில் பெரும்பாலோர். கல்லூரிக் கட்டணத்துக்காக வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். நாளிதழ்கள் சில நாள் எழுதின. இழப்பீடு அறிவிக்கப்பட்டது. பின்னர் வேறு செய்திகள் வந்தன. கீழ்வெண்மணியில் 1968-இல் எரிக்கப்பட்ட 44 பேரைத் தமிழ்நாடு மறக்காமல் இருப்பதில் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அத்திபெலே இளைஞர்களைப் பற்றி இந்த ஊரின் குழுக்கள் எத்தனை பாட்டுகள் கட்டியிருக்கின்றன? ‘இசையின் பொருள் என்ன’ என்று வெகுதூரம் சென்று தேடுவோருக்கு, அந்தப் பொருள் நெடுஞ்சாலை ஓரத்திலேயே காத்திருக்கிறது.

பயிற்சி என்னும் அன்றாட வேலை

பெரிய செய்திகளைப் பேசிவிட்டுச் சிறிய ஒன்றை விட்டுவிடக் கூடாது. கலைஞர் வாத்தியத்தைக் கைவிடுவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஒரு நாள் பயிற்சி தவறும், பிறகு ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். விரல் இறுகிவிடும். இறுகிய விரலோடு மேடையேறினால் பிழை வரும். பிழை வந்த வெட்கத்தில் அடுத்த அழைப்பை மறுப்பார். மனம் வரும்போது வாசிப்பேன் என்பவருக்கு மனம் வருவதே இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு இரண்டு மணி நேரச் சாதகம் செய்யச் சொல்வது கொடுமை. இருபது நிமிடம் இயலும். அந்த இருபது நிமிடத்தில் பழகிய உருப்படியையே திரும்பத் திரும்ப வாசிப்பது பயன் தராது. தெரியாத ஒரு அடவை, பக்கத்து மொழியின் ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு தடுமாற வேண்டும். தடுமாறுபவர் சலிப்பதில்லை. சலிப்பு பெரும்பாலும் எளிதாகிப்போனதன் விளைவே.

சொல்லிக்கொடுப்பதும் அத்தகையதே. ஒரு சிறுவனுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுத்தரும்போது, தம் கை ஏன் அப்படிப் போகிறது என்பதை அந்த மூத்த கலைஞர் முதன்முறையாக யோசிக்கிறார். வரிசை வீடுகளில் உள்ள புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் போக்கிடம் இல்லை. அவர்களை அழைத்துவர எவருடைய அனுமதியும் தேவைப்படாது.

அமைப்பு செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. கர்நாடக அரசு முதிய கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. எல்லையைத் தாண்டி வந்து பிழைக்கும் கலைஞர் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். அங்கே கேட்டால் இங்கே வசிப்பதாகச் சொல்கிறார்கள். இங்கே கேட்டால் சொந்த ஊர்ச் சான்று கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்கள் எந்த மாநிலத்திலிருந்தும் பதிவு செய்யலாம். கட்டுமானத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் படிவம் நிரப்பிக்கொடுக்கும் தோழர்கள், தமட்டே கலைஞரையும் நாகசுரக் கலைஞரையும் பேண்டு வாத்தியக்காரரையும் அதே மேசைக்கு அழைக்க வேண்டும். திருமணப் பருவத்துக்கு முன் இவ்வட்டாரத்துக் குழுக்கள் ஒன்றுகூடி, குறைந்தபட்சக் கூலி இவ்வளவு, இரவு பத்துக்குப் பின் கூடுதல் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு என்று முடிவு செய்துகொள்வதும் இயலாத காரியமன்று. ஒரு குழு மறுத்த விலைக்கு மற்றொரு குழு போகாதிருந்தால் போதும்.

பயிற்சிக்கு இடம் வேண்டும் என்பது எல்லாக் குழுக்களும் சொல்லும் குறை. பத்துக்குப் பத்து அறையில் பறை அடிக்க முடியாது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார். வட்டாரத்துத் தொழிற்சங்க அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. சாவியைக் குழுக்களிடம் முறைவைத்துக் கொடுக்கலாம். தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்ட வேண்டியிருப்பதால், மொட்டை மாடியைவிடப் பின்புறம் மண் தரை உள்ள அலுவலகமே ஏற்றது.